சித்தியின் இரண்டாம் பிரதி

அன்று எஸ்டேட் கிளினிக்கில் அம்மா இருந்தார், சித்தி இருந்தார், சித்தியை ஒட்டிச் சித்தப்பா நின்றார். அப்பா வரவில்லை, தேயிலைக் கொழுந்து லோரியோடு போயிருந்தார். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இரத்தம் எடுக்க, நான் குழாய்களில் பெயர் ஒட்டினேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். ஆண் ஹார்மோனைச் செல்லுக்குள் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது முன்பே தெரிந்ததுதான். நோயில்லாத குடும்பங்களில் அதன் அமைப்பு எப்படி வேறுபடுகிறது என்று எழுத்தெழுத்தாக வரைவது எங்கள் வேலை. பெருமையில் என் வீட்டாரையே அழைத்திருந்தேன்.

“புள்ள பெறாதவ ரத்தத்துல என்னடா தேடப் போற?” என்று சித்தி சிரித்தார். படிவத்தில் வயதுக்கு வந்த வயதைக் கேட்டேன். சித்தியின் கண் சித்தப்பாவிடம் போனது. அம்மா முந்திக்கொண்டார்: “பதிமூணுன்னு போடு தம்பி. சடங்கு போட்டோதான் வீட்ல மாட்டியிருக்கே லா.”

போட்டேன்.

பெண்ணுக்கு அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும். சித்தியின் குழாயில் ஒன்றே இருந்தது. கூடவே ஆண் குரோமோசோமும். பதின்மூன்று வயதில் பூப்பெய்தியவருக்கு அப்படி இருக்க வழியில்லை. சித்தப்பாவின் இரத்தத்தையே இரண்டு குழாயிலும் விட்டுவிட்டோம் என்று முடிவு கட்டினேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். என் ஊர், என் குடும்பம், என் தவறு என்ற வெட்கத்தில் ‘மாதிரி கலந்துவிட்டது’ என்று எழுதி ஒதுக்கினேன்.

மூன்றாம் ஆண்டு சித்திக்கு வயிறு வீங்கியது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கருப்பை இல்லை, பிறவியிலேயே உள்ளே தங்கிய விரைகளில் புற்று, அது பரவிவிட்டது என்றார் டாக்டர். அந்த மரபணு பழுதானால் ஆண் குரோமோசோமோடு பிறந்த பிள்ளையும் பெண்ணாகவே வளரும். முன்பே தெரிந்திருந்தால் அந்த விரைகளை எடுத்திருப்போம் என்றார்.

சித்தப்பா தேநீர் வாங்கப் போன நேரத்தில் சித்தி என் கையைப் பிடித்தார். “அந்தச் சடங்கு சும்மாடா. பதினாறாகியும் நான் ஒக்காரல. லைன் வீடுகள்ல ‘இது என்ன பொண்ணு’ன்னு சிரிச்சாளுங்க. நானும் ஒங்கம்மாவும் பேசிவச்சி, ஆயிட்டேன்னு சொல்லிச் செஞ்சிக்கிட்டோம். பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட பதிமூணுலயே ஆனதுன்னு சொன்னோம். இல்லன்னா என்னை யாரு கட்டுவா? ஒங்க சித்தப்பாகிட்ட சொல்லிறாத.”

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. ஈரம் காயாத இந்த மலைக்கு நான் வரும்போதெல்லாம், சித்திக்கு வந்தது சாதாரண வயிற்றுப் புற்று என்றே அவர் பேசுகிறார், தலையாட்டுகிறேன். அந்தக் குழாயை மறுபடி சோதிக்க ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலை நான் மிச்சப்படுத்தினேன். சித்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, நாற்பத்தொன்றோடு நின்றுபோனது.