அழகரத்தினம் போர்த்திய ஏசி

வவுணதீவில் அழகரத்தினம் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே போர்த்தாத சாமான் கிடையாது. ரிமோட்டுக்குப் பொலித்தீன், கதிரைக்குத் துணி, மோட்டார் சைக்கிளுக்குப் பழைய சேலை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தொண்ணூறாம் ஆண்டு போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பியபோது அவருக்கு மிஞ்சியது பொலித்தீனில் சுற்றிப் புதைத்திருந்த காணி உறுதிப் பத்திரம் ஒன்றுதான். அன்று பிடித்த பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தும் "பிழை என்னில" என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

மகள் விதுர்ஷா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த ஆடி மாதம் கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. இருபது நாள் பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கட்டாரில் இருக்கும் மருமகன் ஏற்பாடு செய்ய, முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஏசி மெக்கானிக் நௌஷாட் வந்து பூட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து வயல் வட்டையில் நெல் வெட்டும் மெசின் இறங்கியிருந்தது. வைக்கோல் தூசு பறந்து வந்து ஏசியின் வெளிப்பெட்டிக்குள் போவதைக் கண்டதும் அழகரத்தினத்துக்கு மனம் பொறுக்கவில்லை. நல்ல உரப்பைகள் இரண்டைப் பிரித்துத் தைத்து, பெட்டியை நாலு பக்கமும் மூடிக் கயிற்றால் இறுக்கினார். அறையின் சூட்டை வெளியே தள்ளுவதே அந்தப் பெட்டிதான், அதற்கும் மூச்சுவிட வேண்டும் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

ஒரு மணித்தியாலத்தில் ஏசி சூட்டுக் காற்றை ஊதியது. திருத்தக் கூப்பிட்ட நௌஷாட் வருகிறார் என்றதும் ஓடிப்போய் உரப்பையைக் கழற்றி மடித்து வைத்தார். ஆள் வந்து பார்க்கும்போது சாமான் பளிச்சென்று இருக்க வேண்டாமா? நௌஷாட் வருவதற்குள் பெட்டி ஆறிவிடும், ஏசியும் குளிரும். அவர் திரும்பி ஊர்ப் பாலம் தாண்டியதும் மறுபடி போர்வை, மறுபடி சூடு. பிள்ளை அழுத அழுகையில் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

மூன்றாம் தரமும் நௌஷாட் போட்டதும் ஏசி குளிர்ந்தது. அழகரத்தினத்துக்கு வந்ததே கோபம். வாசல் படலையடியில் வைத்துக் கத்தினார்.

"நீங்களே என்னவோ செய்து வெச்சிட்டுப் போறீங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் காசு தரட்டும் எண்டுதானே? உங்கட ஆக்கள்ர புத்தி எங்களுக்குத் தெரியாதா?"

வேலி நெடுக அயலார் தலைகள். எதிர்வீட்டுச் சதீசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான். நௌஷாட்டின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய்ச் சாமான் பையை எடுத்துக்கொண்டு, "வாறன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் அழகரத்தினம் உரப்பையைத் தேடினார். காணவில்லை. வெளிப்பெட்டி வெறுமனே நின்று இரைந்தது. அறை குளிர்ந்தபடியே இருந்தது. பிள்ளை அயர்ந்து தூங்கியது.

"புஸ்பம், உரப்பை எங்க?"

மனைவி குசினியிலிருந்து வந்தாள். "கோழிக்கூட்டுக்கு மேல போட்டுட்டன். அதைப் போர்த்தினதாலதான் மெசினுக்கு வருத்தம் வந்தது. பெட்டியில கயிறு இறுக்கின தடம் கிடந்ததாம். அந்தத் தம்பி பை எடுக்க வரக்குள்ள என்னட்ட மெதுவாச் சொன்னார். 'ஆக்களுக்கு முன்னால சொன்னா ஐயாக்கு வெக்கமாப் போயிரும், நீங்க பிறகு சொல்லுங்கம்மா' எண்டு."

"எப்ப சொன்னவர்?"

"நீங்க கத்தி முடிச்ச பிறகு."

அழகரத்தினத்துக்குக் காது சுட்டது. குளிர் அறைக்குள் போகக் கால் வரவில்லை. கைபேசியோடு கிணற்றடிக்குப் போனார், அங்கே பேசினால் யாருக்கும் கேட்காது. இலக்கத்தை அழுத்தப் போன விரல் நின்றது. அவமானப்படுத்தியது படலையில், மன்னிப்பு மட்டும் கிணற்றடியிலா? தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

படலைக்கு வந்தார். வேலியில் ஒரு தலையும் இல்லை. சண்டைக்குக் கூடுகிற சனம் இதற்கு வருமா? "சதீசன், இஞ்ச ஒருக்கா வா" என்று தானே கூப்பிட்டார். அவன் வந்து நின்றதும் நௌஷாட்டுக்கு அழைப்பு எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஐயா," என்றது நௌஷாட்டின் குரல். "பிள்ள இப்ப நித்திரை கொள்ளுதா?"

"ஓம் மகன். பிழை என்னில. உரப்பையைக் கட்டினது நான்தான்."

"பரவாயில்ல ஐயா. தெரியாமச் செஞ்சதுதானே."

"அந்தச் சொல்லும் பிழை மகன். உங்கட ஆக்கள் எண்டு சொன்னது."

சதீசன் நிலத்தைப் பார்த்தான். அழகரத்தினம் காத்து நின்றார். அதற்கு மட்டும் நௌஷாட் பரவாயில்லை என்று சொல்லவில்லை.