கதவோரம் ஒரு சாண்

கொசு மருந்து அடிக்க வந்தவர்தான் செய்தியைச் சொன்னார். பம்பை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, காவிக்கட்டியைக் கையில் எடுத்தவர், சுவரில் மருந்தடித்த தேதியை எழுதாமல் அப்படியே நின்றார். "சார்வாள், சுடலை அண்ணாச்சி போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு எந்திரிச்சு உக்காந்திருக்காவ, அம்புட்டுதான்" என்றார். அவர் என் வீட்டுக் கதவோரத்தில் சுடலைமுத்து எழுதிவிட்டுப் போன பழைய தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் எழுதிவிட்டுப் பம்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

சுடலைமுத்துவின் நினைவாகப் போடும் சிறு மலரில் நானும் எழுத வேண்டும் என்று கொசு மருந்துத் தொழிலாளர் சங்கத்தார் கேட்டார்கள். என்னைக் கேட்டது வேடிக்கைதான். நிரந்தர வேலை கேட்டு அவர்கள் நடத்திய மூன்று வருஷ வழக்கில் நான் எதிர்த் தரப்பில் உட்கார்ந்திருந்தவன். நகராட்சி ஆபீஸில் தினக்கூலிகளின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலை எழுதிய எழுத்தர் நான்தான். உங்களில் பலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. கொசு மருந்துப் பிரிவில் அப்போது பதினொரு பேர். ஒருவர்கூட நிரந்தரம் இல்லை. தினக்கூலி மஸ்டரில் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் முறியாமல் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்பார்கள் என்பதற்காக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாலைந்து நாளுக்குக் கோடு போட்டு 'இடைவெளி' என்று எழுதிவிடுவோம். எழுத்தில் அவர்கள் வேலையில் இல்லை. ஆனால் கொசுவுக்கு இடைவெளி கிடையாதே! அந்த நாள்களிலும் ஆபீஸில் வரச் சொல்வார்கள். வருவார்கள். கூலியை வேறு ஏதாவது தலைப்பில் போட்டுச் சரிக்கட்டிவிடுவார்கள். அது அன்று பல ஊர்களில் இருந்த வழக்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கோட்டைப் போட்டது என் பேனா.

சங்கம் கேட்ட ஒப்பந்தம் எழுதித் தயாராகத்தான் இருந்தது. 'ஒரு வருஷம் தொடர்ச்சியாகப் பணியாற்றியவர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள்' என்று அதில் ஒரு வரி. ஆபீஸ் தரப்பு அந்த வரிக்குத் தலையாட்டிவிட்டு, மஸ்டரைத் தூக்கிக் காட்டியது. தொடர்ச்சியாக யார் வேலை பார்த்தது? பாருங்கள், எல்லாரும் நடுவில் நின்றுபோயிருக்கிறார்கள். அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. திருநெல்வேலியிலிருந்து தொழிலாளர் அதிகாரி வருவார், இரண்டு தரப்பும் பேசும், வாய்தா விழும். நகராட்சி ஆணையாளர் மாறினால் புது ஆணையாளர் முதலிலிருந்து கேட்பார். இப்படியே மூன்று வருஷம் போனது.

முதன்முதலாக சுடலைமுத்துவை நான் சரியாகப் பார்த்தது என் வீட்டு வாசலில். ஒரு நாள் மருந்தடித்து முடித்து, கதவோரச் சுவரில் காவியால் தேதி எழுதி, அதன் கீழே 'சு.மு.' என்று போட்டார். கூட வந்தவருக்கு எழுத்து தெரியாது. அவர் ஒரு சூலம் வரைந்தார். எழுதத் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தார் சுடலைமுத்து. யாருக்காகவும் யாரும் போடக் கூடாது, அவரவர் கையால்தான் போட வேண்டும். எழுதி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சார்வாள், இன்னைக்கு நான் வேலையில இல்ல. நீருதான் கோடு போட்டிருக்கீரு. இருந்தாலும் தேதி எழுதுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்குவே எழுதுதீரு?" என்றேன் எரிச்சலாக.

"தேதி போடலன்னா நான் வரலன்னு உம்ம வீட்டம்மாவே சொல்லிருவாவ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவருக்குமே தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் சங்கத்தில் பெரிய சண்டை. கோமதி அம்மனைப் பார்க்க இளையரசனேந்தல், திருவேங்கடம் பக்கமிருந்தெல்லாம் ஜனம் வண்டி கட்டி வரும் நேரம். அன்றைக்கு வேலையை நிறுத்தினால் ஆணையாளர் தானாக இறங்கி வருவார் என்று மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். நியாயமான யோசனைதான், நானே பயந்துகொண்டிருந்தேன். சுடலைமுத்து மட்டும் மறுத்தார். "அம்மனப் பாக்க வாரவங்க நம்மள என்ன செஞ்சாவ? ஆபீஸ் மேல உள்ள கோவத்த ஊரு மேல எறக்குனா, நாளைக்கு ஊரு நமக்கு எதுக்கு வரும்?" என்றாராம். அவரைக் கோழை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவர் அசையவில்லை; கடைசியில் மற்றவர்கள்தான் இறங்கி வந்தார்கள். ஆடித்தபசு முழுக்கப் பதினொரு பேரும் தெருத்தெருவாக மருந்தடித்தார்கள், வாசல் வாசலாகத் தேதி எழுதினார்கள். அந்த நாள்களில் மஸ்டரில் பதினொரு பேருக்கும் இடைவெளி போட்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு கூட்டம். தொழிலாளர் அதிகாரி நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை நம்புகிறவர். "இடைவெளி நாள்ல வேலை பார்த்தோம்னு சொல்றீங்க. என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். சங்கத் தலைவர் ஏதோ பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. பின்வரிசையில் நின்ற சுடலைமுத்து மெல்லச் சொன்னார்: "சொவத்துல இருக்கு சார்."

அதிகாரிக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு சிரித்தார். "சுவரை எப்படிப்பா ஃபைல்ல வைக்கிறது?"

"சொவரு வராது சார். நீங்கதான் வரணும்."

அதிகாரி ஆணையாளரைப் பார்த்தார். ஆணையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று வாய்தா விழுந்தது. எங்கள் தரப்பு சந்தோஷமாக எழுந்தது. ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊர் முழுக்க வெள்ளையடித்துவிடும். ஒரு வருஷத்துத் தேதி மொத்தமும் சுண்ணாம்புக்குள் போய்விடும்.

மறுநாளிலிருந்து பதினொரு பேரும் வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறினார்கள். ஒரே வேண்டுகோள்தான்: "கதவோரம் ஒரு சாண் விட்டுருங்க." ஒரு வீட்டுச் சுவரில் பத்து இருபது தேதிதான் இருக்கும். எல்லாத் தெருவையும் சேர்த்துப் படித்தால்தான் வருஷம் முழுசாக வரும். அதனால் ஒரு தெருகூட விட முடியாது. தறி வீடுகளில் ஏறினார்கள், கடைகளில் ஏறினார்கள், வாடகை வீட்டில் இருந்தவர்களுக்காக வீட்டுக்காரரைத் தேடிப் பனவடலிசத்திரம் வரை போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அப்படி அலைந்த அலைச்சலை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல ரத வீதியில் பேச்சியம்மாள் என்று ஓர் அம்மாள். வாய்க்குப் பயந்து தபால்காரர்கூட வாசலில் நின்றுதான் கூப்பிடுவார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "கல்யாண வீட்டு வாசல்ல அழுக்கா ஒரு சதுரத்த விடச் சொல்லுதீரே, மாப்பிள்ள வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?" என்று விரட்டிவிட்டாள். சுடலைமுத்து மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். நாலாவது நாள், "அதிகாரி பாத்துட்டுப் போன அன்னைக்கே நானே சுண்ணாம்பு கலக்கிக் கொண்டாந்து அடிச்சிருதேன் தாயி. கல்யாணத்துக்கு முன்னால முடிச்சிருவேன்" என்றார். "நீரு அடிக்கலன்னா ஒம்ம வீட்டுல வந்து உக்காந்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சாண் விட்டாள்.

இனி என் வீட்டு விஷயம். எங்கள் வீட்டுக்கும் வந்து கேட்டார். நான் ஆபீஸில் இருந்தேன். என் மனைவி கோமதி சரி என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் எனக்குத் தெரிந்ததும் தூக்கம் போயிற்று. ஆபீஸ் எழுத்தர் வீட்டிலேயே அத்தாட்சி இருந்தால் மேலே என்ன நினைப்பார்கள்? யாரும் என்னை மிரட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே பயந்தேன். போகிக்கு முந்தின நாள், கோமதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நானே சுண்ணாம்பு மட்டையை எடுத்து அந்த ஒரு சாணையும் அடித்தேன். பழைய காவி தெரியக்கூடாதென்று இரண்டு பூச்சு. அவள் திரும்பி வந்து சுவரைப் பார்த்தாள். "ஊரே விட்டிருக்கு. நம்ம வீடு மட்டும் பளபளன்னு நிக்கி. இப்படிப் பண்ணிட்டியளே" என்றாள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை.

பொங்கல் முடிந்து அதிகாரி வந்தார். ஊரைப் பார்த்ததும் அவர் சிரிப்பை விட்டுவிட்டார். புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூச, வீட்டுக்கு வீடு கதவோரத்தில் பழுப்பாக ஒரு சதுரம். அதற்குள் காவித் தேதிகள், சூலம், வட்டம், சு.மு. மஸ்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டியது நான்; பின்னால் சுடலைமுத்துவும் வந்தார். அதிகாரி சுவரிலிருந்து ஒரு தேதியைப் படிப்பார். "மஸ்டர்ல என்ன?" என்பார். நான் புரட்டிப் பார்த்து, "இடைவெளி சார்" என்பேன். அடுத்த தெரு. அடுத்த தேதி. "இடைவெளி சார்." ஆடித்தபசு நாள்கள் வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார் அதிகாரி. சொன்னேன்.

கூட வந்த ஆணையாளர், "இதெல்லாம் நேத்து ராத்திரி எழுதினதா இருக்கலாமே" என்றார். நாங்கள் நின்றது பேச்சியம்மாள் வாசல். "எங்க வீட்டுச் சொவத்துல ராத்திரி வந்து எழுதிட்டு எவன் உசிரோட போவான்?" என்று உள்ளேயிருந்து வந்தாள். "இந்தா, இந்தத் தேதிக்கு எம் மவளப் பொண்ணு பாக்க வந்தாவ. இன்னைக்கு வேண்டாம்யா, மருந்து நாத்தம் அடிக்கும்னேன். கேக்காம அடிச்சிட்டுப் போனாரு இந்த மனுசன்." நான் மஸ்டரைப் பார்த்தேன். அன்றும் இடைவெளி. ஆணையாளர் வேகமாக முன்னால் நடந்தார்.

அடுத்த தெரு என்னுடையது. என் வீட்டு முன்னால் அதிகாரி நின்றார். "இந்த வீட்ல ஒண்ணும் இல்லையே?" கோமதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மஸ்டர் கையில் கனத்தது. அது யார் வீடு என்று சுடலைமுத்துவுக்குத் தெரியும். எத்தனை தேதி அங்கே எழுதினார் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் அத்தனை பேர் முன்னாலும் கூசிப்போயிருப்பேன்.

"அடுத்த வீடு பாப்போம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார் சுடலைமுத்து.

மாசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினொரு பேரும் நிரந்தரம். மாலை போட வந்தவர்களிடம் சுடலைமுத்து, "மொதல்ல சுண்ணாம்பு வேலைய முடிப்போம்" என்றாராம். பேச்சியம்மாள் வாசலை அதிகாரி போன அன்றே முடித்திருந்தார். மற்ற வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினொரு பேரும் வாளியும் மட்டையுமாகப் போய் ஊரில் விட்ட சதுரங்களையெல்லாம் அடைத்தார்கள்.

அந்த வாளியோடு என் வீட்டுக்கும் வந்தார். பளபளவென்று இருந்த சுவரைப் பார்த்து, "இங்கன வேலை இல்ல" என்றார். கேலியா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோமதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: "நான் இடைவெளின்னு எழுதுனது பொய்ன்னு எனக்குத் தெரியும். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்குமே. ஏன் கூப்பிடல?"

மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நீரு வாயத் தொறந்தா உம்ம வேலை போயிரும் சார்வாள். சொவத்துக்கு வேலை போவாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவர் வாளியை எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் மருந்தடிக்க வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். அதற்குப் பிறகு பத்து வருஷம், ஓய்வு பெறும் நாள் வரை வந்தார். மஸ்டரில் அவர் பெயருக்கு நேரே நான் இன்னொரு கோடு போட வேண்டி வரவில்லை.

ஓய்வு பெற்ற அன்று எங்கள் தெருவைக் கடைசியாக வைத்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்து, வழக்கம்போலத் தேதி எழுதி, கீழே 'சு.மு.' போட்டார். "இனிமே இங்கன வேற கையெழுத்து வரும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு தேதிதான். இந்த மார்கழியிலும் வெள்ளையடிக்க ஆள் வந்தார். புதுசாக வருகிறவர், விவரம் தெரியாது. அந்த இடத்துக்கு வந்ததும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு, "இதையும் அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இந்தப் பொங்கலுக்கும் சொன்னேன்.

"கதவோரம் ஒரு சாண் விட்டுரும்."