இரண்டாம் பாகத்தின் ஆணி

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 24, சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. காலையில் குளத்தில் குளித்துவிட்டு வந்து பழையதும் மாங்காய்த் துண்டும் சாப்பிட்டேன். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த புளிக்குக் காவல் இருந்தேன். மத்தியானம் அத்தையோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தேன். நாலு மணிக்குச் சாம்பலும் துணியுமாக விளக்குச் சிம்னிகளைத் துடைக்கத் தொடங்கினேன். அது என் அன்றாட வேலை. அன்றைக்கு மட்டும் இரண்டு சிம்னி துடைத்ததும் அத்தை போதும் என்று சொல்லி, எனக்குத் தலை சீவிவிட உட்கார்ந்தாள். நாங்கள் படம் பார்க்கப் போகிறோம். எனக்கு அப்போது வயது ஒன்பது.

பக்கத்து ஊரான கொட்டாரத்தில் அறுவடை முடிந்த ஒரு வயலில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது ஒரு மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் இரண்டு வருடத்துக்கு முன் அதே கொட்டகைக்கு வந்து போயிருந்தது. அதில் பறக்கும் கட்டில் உண்டு, கடலுக்கு அப்பால் ஒரு ராஜ்யம் உண்டு, யானைப்படைகள் மோதும் யுத்தம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சந்தலையில் இரும்பு ஆணி அறைந்து பாலை மரத்தோடு மரமாக நிறுத்தி வைக்கப்பட்ட பேய்மகள் ஒருத்தி உண்டு. கடைசிக் காட்சியில் மந்திரவாதி அந்த ஆணியைப் பிடுங்குவான். அவள் கண்ணைத் திறப்பாள். மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து விழும். அவ்வளவுதான், விளக்கைப் போட்டு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மற்ற ஊர்களில் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி விட முடியாது. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், கடைசியில் ஊரையும் கேட்டவர்களையும் வாழ்த்தி வாழி பாடும்வரை எழுந்திருக்கக் கூடாது. கதையில் அவிழ்த்துவிட்டதைக் கதையை முடித்துத்தான் அடக்க முடியும். பாதியில் எழுந்து போகிறவர் பின்னால் அதுவும் எழுந்து வரும் என்பார்கள். படத்துக்கும் அதே சட்டம்தான் என்று ஊர் தானாக முடிவு செய்துகொண்டது. ஆணியைப் பிடுங்கிவிட்டு வாழியும் பாடாமல் அனுப்பிவிட்டார்களே என்ற கலக்கம் இரண்டு வருடமும் இருந்தது. பசு கறக்காமல் போனாலும், பிள்ளைக்கு மாந்தம் கண்டாலும், “ஆணி இன்னும் வெளியதான கெடக்கு” என்றார்கள்.

ஆகவே இரண்டாம் பாகம் எங்கள் பக்கத்தில் அடைந்த வெற்றி, அதை எடுத்தவர்களே அறியாத ஒரு காரணத்தால் வந்த வெற்றி. ஜென்மத்தில் சினிமா பார்க்காதவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்துக்கென்று வந்த படப்பெட்டி ஐந்தாவது வாரமும் திரும்பிப் போகவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களின் முகத்தில் நேர்ச்சை செலுத்தியவர்களின் தெளிவு இருந்தது. அப்பாவுக்குக் கொட்டாரம் சந்தியில் பலசரக்குக் கடை. பெண்கள் அங்கே ஆளுக்கொரு இரும்பு ஆணி வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் அதை வைத்து அப்பாவைச் சீண்டுவார்.

“என்னவே, கருப்பட்டி யாவாரத்த விட்டுட்டீரா? கொல்லன் பட்டறையாட்டுல்லா இருக்கு கடை.”

“சிரியும் வே. ஒரு பேய் வந்ததுக்கே பெட்டி பெட்டியா ஆணி தீருது. மூணாம் பாகத்துல ரெண்டு பேயா விடச் சொல்லணும்,” என்பார் அப்பா. “படம் எப்பிடி, அதச் சொல்லும்.”

“மொதப் பாகம் போல வராது வே. பறக்குத கட்டிலுக்குக் கயிறு தெரியுது.”

“பின்ன நாலு தடவ என்னத்துக்குப் போனீரு?”

“கயிறப் பாக்கத்தான்.”

அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. முதல் பாகம் பார்க்கப் போனபோது அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அந்தப் பிள்ளை பிறந்து மூன்று நாள்தான் இருந்தது. இப்போது மறுபடியும் நிறைமாதம். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

“அவள அவுத்து விட்டத இவ பாத்துட்டு வந்தா. கெட்டுனதப் பாக்காண்டாமாலே?”

“கூறு கெட்டுப் பேசாத அக்கா. அது துணியில விழுத வெளிச்சம்.”

ஐந்து வாரமும் இதே பேச்சு. நான் அந்த வாரங்களில் இருட்டிய பிறகு புறவாசல் பக்கம் போகவில்லை. அங்கே ஒற்றைப் புளியமரம் ஒன்று நின்றது. பேய்மகளின் தலையில் ஆணி இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை இருக்கும், அதன் வழியாகவும் அவள் பார்ப்பாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. படம் ஞாயிற்றுக்கிழமையோடு கிளம்புகிறது என்று செய்தி வந்த அன்று அம்மாவே அப்பாவிடம் சொன்னாள்.

“ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. முடிவப் பாத்துட்டு வந்திருவோம்.”

அதற்கு முன் அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வில்வண்டி நின்றது.

அப்பா உள்ளே வர மறுத்து வெளியே வண்டியோடு நின்றுகொண்டார். நாங்கள் மூவரும் பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம். அத்தை மடியிலிருந்து எடுத்து ஆளுக்கொரு ஆணி கொடுத்தாள். பின்னால் எண்ணெய் என்ஜின் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு மணல் வழியாக என் தொடைக்கு ஏறியது. அம்மா என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பேய்மகள் மரத்தை விட்டு இறங்கினாள். முன்னால் இருந்த ஒருத்தி தாயே தாயே என்று கும்பிட்டாள், இன்னொருத்தி குரவையிட்டாள். நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். விசித்திரம் என்னவென்றால், அந்த இடத்தில் அம்மாவின் கை தளர்ந்தே இருந்தது. இளவரசனும் இளவரசியும் தடாகத்தில் பாட்டுப் பாடும்போதுதான் மணிக்கட்டு நொறுங்குகிறாற்போல் இறுக்கினாள். பிறகு விட்டாள். கோமாளி வந்து எல்லாரும் சிரித்தபோது மறுபடியும் இறுக்கினாள். பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில் அம்மா பயப்படுகிறாள் என்றால், எனக்குத் தெரியாத ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிகிறது. பேய்மகள் திரையில் இல்லாத நேரமெல்லாம் எங்கே இருக்கிறாள்? எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பாட்டு வந்தால் நான் திரையைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவள் நெருங்கி வருகிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் இளவரசன் ஆணியோடு பாலை மரத்தை நெருங்கினான். மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்றது. அம்மா எழவில்லை. என் கையை இறுக்கினாள். இந்தத் தடவை விடவில்லை. நான் கத்தியிருக்க வேண்டும். அத்தை குனிந்து, திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏட்டி, எப்பம் தொடங்கிச்சு?”

“ஆணி அடிக்கட்டும் மைனி. இன்னா முடிஞ்சிரும்.”

“எப்பம்னு கேட்டேன்.”

“வண்டியில வரும்பமே.”

அத்தை ஒரே ஒரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்தாள். இளவரசனின் கை ஆணியோடு ஓங்கியிருந்தது. ஐந்து வாரம் வீட்டை இரண்டாக்கியவள் அவள்தான்.

“அவன் அடிச்சா அடிக்கான், அடிக்காட்டா போறான். நீ எழும்பு மக்கா.”

அம்மாவை அணைத்துத் தூக்கிக் கூட்டத்துக்குள் வழி உண்டாக்கி வெளியே கொண்டுவந்தாள். எங்களைக் கண்டதும் அப்பா ஓடிவந்தார். அம்மாவை வண்டியில் ஏற்றும்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெரிய ஓசை எழுந்தது. அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆணி இறங்கியதற்கா, அவள் தப்பியதற்கா என்று தெரியவில்லை. அந்தப் படத்தின் முடிவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வண்டி ஓடும்போது அத்தை வாய்க்குள் சொன்னாள். “வாழி பாடுததுக்குள்ள எழும்பிட்டமே.”

மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்த அப்பா திரும்பவில்லை. துணியில் விழும் வெளிச்சம் என்று சொல்லவும் இல்லை. நான் வண்டியின் பின்பக்கம், கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு, தொடர்ந்து வந்த சாலையையே பார்த்தபடி இருந்தேன். அம்மா இறுக்கிய இடத்தில் நான்கு விரலும் பதிந்து சிவந்திருந்தன. அது பேய்க்குப் பயந்த பிடி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எனக்கு முதல் பிள்ளை பிறந்த அன்று, பக்கத்தில் நின்ற செவிலியின் கையை நான் பிடித்த பிடியில்தான் அதை அடையாளம் கண்டேன்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அறைக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது. தம்பி பிறந்திருந்தான். பெரிய உயிரும் சின்ன உயிரும் சுகம் என்று அத்தை வெளியே வந்து சொன்னாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் முதலில் நடந்த காரியம் இது. வெளிச்சம் வந்ததும் அப்பா, பல்கூட விளக்காமல், நான் படுத்திருந்த பாயருகே வந்து குனிந்தார்.

“மக்கா, அந்த ஆணியத் தா.”

அது ராத்திரி முழுவதும் என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். சுத்தியலோடு புறவாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். புளியமரத்தில், தன் தலைக்கும் மேலான உயரத்தில் வைத்து, கொண்டை மட்டும் தெரியும்படி அடித்து இறக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

“துணி காயப்போடக் கயிறு கெட்டணும். பிள்ளத் துணி நெறைய விழும்லா.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஓடிப்போய்ச் சாய்ப்புக் கூரையடியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தேன். அப்பா உள்ளங்கையால் ஆணியின் கொண்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றை நீட்டினேன்.

“பெறவு கெட்டுவோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் கயிற்றோடு அங்கேயே நின்று, மறு முனையை எதில் கட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். புறவாசலில் வேறு மரம் இல்லை.