ராகேல் வாய் திறந்த ஞாயிறு

ஜிஜி வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்ற செய்தியை ராகேலிடம் யாரும் தனியாகச் சொல்லவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டின் முன்னறையில், வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில், எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அது தெரிந்தது.

"ஒரு வாரமா மாத்திரை போடல. ஒண்ணும் வரல்ல. கர்த்தர் தொட்டுட்டார்," என்றாள் ஜிஜி.

பாறசாலைப் பக்கத்துப் பெண். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை, பக்கத்துச் சந்தில் மகளிர் விடுதியில் வாசம். பள்ளிக்கூடக் காலத்திலேயே வலிப்பு தொடங்கியிருந்தது. மாத்திரை சாப்பிடச் சாப்பிட அது அடங்கி, சில வருடங்களாக எட்டிப் பார்க்கவில்லை. குழுவை நடத்திய சிபி அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்தான். ஜெபம் முடிந்ததும் அறையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ராகேல் உட்கார்ந்திருந்தார். சிபியைக் குழுத்தலைவனாகப் பழக்கியவர் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்த வேதாகமத்தை மூடிவைத்தார்.

அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபை திருவனந்தபுரத்தில் உள்ள தமிழ்ச் சபை. அதன் செயலாளர் வேலையை நான் நெடுங்காலம் பார்த்தேன். ஆகவே இதில் பெரும்பகுதி நான் நேரில் கண்டது. மற்றதை ராகேலும் அவர் கணவர் திரவியமும் சொல்லக் கேட்டேன்.

ராகேல் களியக்காவிளையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். திரவியத்துக்கு ஆரியசாலையில் மிளகாய் வத்தலும் புளியும் மொத்தமாக விற்கும் கடை. கடையில் பாதி வேலை ராகேலுடையது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி வத்தலை அள்ளி, குலுக்கிப் பார்த்து, அது எந்த மழையில் நனைந்தது என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே சொல்வார். சபையார் கரமனை, கழக்கூட்டம் என்று நகரத்தின் ஓரங்களுக்குக் குடிபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் மட்டும் போதாது, வீடுகளில் சிறு குழுக்களாகக் கூட வேண்டும் என்று முடிவாயிற்று. நடத்த ஆள் இல்லை. ராகேல் ஆட்களை உண்டாக்கினார்.

அவருடைய முறை எளிமையானது. பழகுகிறவர் முதலில் சிலகாலம் ராகேல் நடத்தும் குழுவில் பக்கத்தில் உட்கார வேண்டும். பிறகு அவர் நடத்துவார், ராகேல் கதவோரம் உட்காருவார். கடைசியில் ராகேல் வருவதை நிறுத்திவிடுவார். நடுக்கட்டத்தில் ஒரு விதி இருந்தது. பழகுகிறவர் தப்பான அதிகாரத்தை வாசித்தாலும், ஜெபத்தின் நடுவே வார்த்தை வராமல் திணறினாலும், ராகேல் கூட்டத்துக்குள் வாய் திறக்க மாட்டார். கூட்டம் முடிந்து வெளியே ஏதாவது சாயாக்கடையில் நிறுத்தி, கொஞ்சமும் தயவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லுவார்.

"கடையில யாவாரிய நிக்க வச்சு வாயடிப்பா. வெள்ளிக்கிழம ஆனா ஊமை," என்பார் திரவியம். "அந்த வெள்ளிக்கிழமய நமக்கும் ரெண்டு நாளு கடனாத் தரப்படாதா பிள்ளே?"

"நீங்க ஒரு குழு நடத்துங்க, தாறேன்," என்பார் ராகேல்.

விதி வந்த கதை விளையாட்டானது அல்ல. தொடக்க காலத்தில் ஜெபசிங் என்று ஒரு இளைஞன் நன்றாக நடத்திவந்தான். ஒருநாள் அவன் சொன்ன விளக்கம் பிசகு என்று மூப்பர் ஒருவர் எல்லோர் முன்னாலும் எழுந்து திருத்தினார். திருத்தம் சரிதான். ஆனால் ஜெபசிங் அதன்பின் குழுவுக்கும் வரவில்லை, ஆலயத்துக்கும் வரவில்லை. ராகேல் அவன் வீட்டுக்குப் பலமுறை போனார். அவன் உள்ளறையை விட்டு வெளியே வரவே இல்லை. அதிலிருந்து ராகேல் அந்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டார். அதனால் நன்மை விளைந்தது. இன்று எங்கள் சபையில் குழு நடத்துகிறவர்களில் அநேகர் அவர் கையால் வளர்ந்தவர்கள். போதகர் அந்த விதியையே தலைவர் பயிற்சி வகுப்பின் முதல் பாடமாக்கினார்.

சிபி அவர்களில் கெட்டிக்காரன். நெய்யாற்றின்கரைக்காரன், மலையாளத்தில் படித்தவன், தமிழ் வேதாகமத்தை விரல் வைத்துத்தான் வாசிப்பான். ஆனால் பாட ஆரம்பித்தால் அறை நிறையும். யாருக்கு என்றைக்குப் பரீட்சை, யாருடைய அப்பாவுக்கு என்றைக்கு ஆபரேஷன் என்பதெல்லாம் நினைவில் வைத்திருப்பான். தனியாக ஊரை விட்டு வந்து விடுதியில் கிடந்த பிள்ளைகளுக்கு அவன் வீட்டாளைப்போல ஆனான். நாளடைவில் வேலை மாறுவதற்கும், வரன் பார்ப்பதற்கும், ஊருக்குப் போவதற்கும் அவர்கள் அவனைக் கேட்டார்கள். இதை ராகேல் கவனித்தார். சாயாக்கடையில் ஒருமுறை சொல்லவும் செய்தார். "அவங்க கேக்காங்க ஆன்ட்டி, நான் எந்து செய்யும்?" என்று சிபி சிரித்தான்.

அந்த வெள்ளிக்கிழமையும் ராகேல் அவனை நெடுஞ்சாலை ஓரச் சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீயா?"

"நான் சொல்லல்ல ஆன்ட்டி. விசுவாசம் இருந்தா செயலில காட்டணும்னு வசனம் எடுத்தேன். அவளே நிறுத்தினா."

"அப்போ நீயே போய்ப் போடச் சொல்லு. இன்னைக்கே."

சிபி தம்ளரைக் கீழே வைத்தான். "இப்போ எப்படி? ஆன்ட்டி அங்கதானே இருந்தீங்க. எல்லாரும் உங்களத்தான் பாத்தாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே. ஆன்ட்டி சம்மதிச்சாச்சுன்னு சொல்லித்தான் எல்லாரும் வீட்டுக்குப் போனது."

ராகேல் தம் சாயாவைக் குடிக்கவில்லை. எத்தனையோ பேரை வளர்த்த தம் மௌனத்துக்கு அந்த அறையில் என்ன பொருள் ஏற்பட்டுவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான் தனியா அவகிட்ட பேசுறேன், சாரமில்ல, கவலப்படாதீங்க," என்று சிபி வாக்குக் கொடுத்தான்.

பேசினான். என்ன பேசினான் என்பது மறுநாள் ராகேல் ஜிஜியைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது தெரிந்தது.

"ஆன்ட்டி இப்படிக் கேப்பீங்கன்னு சிபி சேட்டன் சொன்னாங்க," என்றாள் ஜிஜி உற்சாகமாக. "சாட்சிக்கு முன்னாடி ஒரு சோதனை வரும், நமக்குப் பிரியப்பட்டவங்க வாயிலதான் வரும்னாங்க. அதே மாதிரி வந்திருக்கு பாத்தீங்களா! நான் அசைய மாட்டேன் ஆன்ட்டி. இப்போ விடுதியில ஒரு கூட்டுக்காரியோட ஸ்கூட்டரையும் ஓட்ட ஆரம்பிச்சாச்சு."

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் தடுத்திருந்த பெண். கழக்கூட்டத்துச் சாலையில் லாரிகள் போகும் வேகம் ராகேலுக்குத் தெரியும். அன்று முதல் கடையில் போன் அடித்தால் கையிலிருந்த வத்தலைக் கீழே போட்டுவிட்டு ஓடினார் என்று திரவியம் சொன்னார். மாத்திரை இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நாளும் குழுவுக்கு அத்தாட்சியாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

ராகேல் போதகரைப் பார்க்க வந்தபோது நான் அறையில் இருந்தேன். போதகர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார்.

"நான் சிபியைக் கூப்பிட்டுச் சொல்றேம்மா. ஆனா அவசரப்பட வேண்டாம். பெருகி வர்ற குழு அது. பையன் மனசு ஒடிஞ்சா மொத்தமும் ஒடிஞ்சுபோகும். ஜெபசிங் விஷயத்தை எனக்குச் சொன்னதே நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன்," என்றார் ராகேல்.

"அப்புறம் என்ன? அடுத்த ஞாயிறு அந்தப் பெண் சாட்சி சொல்லட்டும். டாக்டர்கிட்டயும் போகணும்னு நான் முடிவுல ஒரு வார்த்தை சேர்க்கிறேன்."

சாட்சி என்றால் ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபையார் முன் சொல்வது. அப்படி ஒருமுறை சொன்னவள் பிறகு மாத்திரையைத் தொட்டால் தன் வாயால் சொன்னதைத் தானே பொய்யாக்குவாள். ஜிஜி அதைச் செய்யமாட்டாள். ராகேலும் அதை அறிந்திருந்தார். அந்த வாரத்தில் இரண்டுமுறை விடுதிக்குப் போனார். ஜிஜி கீழே இறங்கி வரவில்லை.

சாட்சிக்கு ஆயத்தமாகக் குழுவில் மூன்று நாள் உபவாசம் வைத்தார்கள். சனிக்கிழமை இரவு முழுவதும் ஜெபம். பட்டினியும் தூக்கமின்மையும் அந்த நோய்க்கு எப்படி ஒத்துவரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஜிஜி ஸ்கூட்டரில் வந்து இறங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண்கள் வீங்கியிருந்தன. முகத்தில் சிரிப்பு இருந்தது. வண்டியை நிறுத்தக் கால்தாங்கியைத் தள்ளினாள். இரண்டு தரம் கால் வழுக்கியது.

இரண்டாம் பாடல் முடிந்ததும் போதகர் அவள் பெயரைச் சொன்னார். அவள் முன்னால் வந்து மைக்கைக் கையில் எடுத்து, "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," என்றாள். பெண்கள் பக்கத்தில் ராகேல் எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சாட்சி முடியட்டும் ராகேலம்மா."

"முடிஞ்ச பொறவு சொல்லிப் பிரயோஜனம் இல்ல." ராகேலின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. கடைக் குரல். "ஜிஜி, அன்னைக்கு நான் பேசாம இருந்தேன். நான் சம்மதிச்சேன்னு நீங்க எல்லாரும் நெனச்சிட்டீங்க. நான் சம்மதிக்கல்ல. சிபி செஞ்சது தப்பு. எல்லாரும் கேக்கத்தான் சொல்லுதேன். நீ மாத்திரை போடணும் மக்களே. கர்த்தர் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு."

கீபோர்டு பக்கத்தில் நின்ற சிபி கோபப்படவில்லை. மெதுவாக வந்து ஜிஜியின் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"ராகேல் ஆன்ட்டிக்காக நாம எல்லாரும் ஜெபிப்போம்," என்றான், மிகவும் கனிவாக. "கண்களை மூடுவோம்."

சபை கண்களை மூடியது. சிலர் அழுதார்கள். போதகரும் தலையைக் குனிந்தார். நூற்றுக்கணக்கான குனிந்த தலைகளுக்கு நடுவே ராகேல் மட்டும் கண் திறந்து நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் ஜிஜி பக்கவாசல் வழியாக நழுவியதை அவரால் பார்க்க முடிந்தது. என் நாற்காலி அந்த வாசலருகில்தான். ராகேல் போன வேகத்தைப் பார்த்து நானும் வெளியே போனேன்.

ஜிஜி ஸ்கூட்டரில் சாவியைப் போட்டிருந்தாள். ராகேல் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, இறங்குங்க."

"நீ ஓட்டு. உனக்குச் சொகமாயிட்டுதுல்லா?"

"களியாக்காதீங்க ஆன்ட்டி, கேலி பண்ற நேரமா இது? என்னை எல்லார் முன்னாடியும்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"களியாக்கல்ல மக்களே. எனக்குப் பயந்துதான் வருது. நீ போனா நானும் வாறேன், அவ்வளவுதான்."

வண்டி கிளம்பியது. கேட் வரை போயிற்று. வெளியே பஸ்கள் ஒன்றையொன்று முந்திப் பாய்ந்தன. ஜிஜி காலை ஊன்றினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது, சிபியின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

"தனியாப் போக எனக்குப் பயமில்ல," என்றாள் ஜிஜி திரும்பாமலே. "உங்கள வச்சுட்டுப் போக முடியல."

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

ஆலயத்து முக்கில் நிற்கிற ஆட்டோக்காரர் வேலாயுதனைக் கூப்பிட்டேன். பெண்கள் இருவரும் பின்னால், நான் கூடவே ஓரத்தில். விடுதியில் விட்டு, அவளுடைய டாக்டரைக் கூப்பிடலாம் என்று எண்ணம். ஸ்ரீகாரியம் தாண்டுமுன்பே ஜிஜி, "வாயில என்னமோ ருசி வருது ஆன்ட்டி," என்றாள். அடுத்த கணம் உடம்பு விறைத்தது. அவள் தலை ஆட்டோக் கம்பியில் மோதாமல் ராகேல் தம் கையைக் கொடுத்தார். மோதல் அந்தக் கையில்தான் விழுந்துகொண்டிருந்தது. வேலாயுதன் திரும்பிப் பார்த்து, "அம்மே, ஒருக்களிச்சுப் பிடிக்கணே, ஆசுபத்ரியில இப்ப எத்தாம்!" என்று கத்திக்கொண்டே வண்டியை ஓர் ஆஸ்பத்திரிக்குள் திருப்பினார். வலிப்பு ஒருதரம் நின்று மீண்டும் வந்தது. அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாலைக்குள் இரண்டு முடிவுகள் ஆகிவிட்டன. பயிற்சி வகுப்பிலிருந்து ராகேல் சிலகாலம் ஒதுங்கியிருப்பது நல்லது என்று போதகர் எனக்குப் போன் செய்தார். சிபி தன் குழுவோடு சபையைவிட்டுத் தனியே கூடப்போவதாக அறிவித்தான். ஒருவர்கூட அவனைவிட்டு விலகவில்லை.

ஜிஜி கண்விழித்தபோது கட்டிலருகே ராகேல் இருந்தார், முழங்கையில் கட்டோடு. திரவியமும் நானும் சுவரோரம் நின்றோம். குழுவிலிருந்து வினீத் என்ற பையன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்திருந்தான். கையில் போனைப் பிடித்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"சாட்சிய முழுசாச் சொல்ல விட்டிருந்தா இது வந்திருக்காதுன்னு சிபி சேட்டன் சொன்னாங்க," என்றான் அவன். பகையோடு சொல்லவில்லை. அவனும் அழுதிருந்தான்.

திரவியம், "எலே, நீ..." என்று ஒரு அடி முன்னால் வைத்தார். ராகேல் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஜிஜி ராகேலை வெகுநேரம் பார்த்தாள். நாக்கு கடிபட்டிருந்ததால் பேச்சு குழறியது. "ஆன்ட்டி எழுந்திருக்காம இருந்திருந்தா எனக்கு வந்திருக்காது. இல்லியா?"

நர்ஸ் வைத்துவிட்டுப் போன மாத்திரை சின்ன மூடியில் இருந்தது. ராகேல் அதை எடுத்தார்.

"அப்படின்னே வச்சுக்கோ," என்றார். "என்னாலதான் வந்துது. நான்தான் உன் விசுவாசத்தக் கெடுத்தேன். கெட்டது கெட்டுப்போச்சு. இனி இதப் போட்டா என்ன? வாயத் தொற."

ஜிஜி வாயைத் திறந்தாள். தண்ணீரோடு மாத்திரை இறங்கியது. பிறகு கால்மாட்டுப் பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில், "வினீத், மாத்திரை போட்டத சேட்டன்கிட்ட பறையாத, கேட்டோ?" என்றாள்.

வினீத் கையிலிருந்த போனைப் பார்த்தான்.