சித்தப்பாவின் விமானமும் இரண்டு தேங்காயும்

பெங்களூரில் விமானப்படைத் தேர்வுக்குப் போய்விட்டுச் சித்தப்பா வலியசாலைக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாயின. அவர் விமானி ஆகக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. ஆகியே தீர வேண்டும் என்பது ஒன்பது வயதுப் பெண்ணான என் கட்சி. அப்பா வழக்கம்போல எதிலும் சேராமல் பேப்பர் படித்தார். சித்தப்பாவோ, "கடுதாசு வரட்டும், பாக்கலாம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம் மட்டும் நிறையப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் என்னைச் சங்குமுகத்துக்கு அழைத்துப் போவார். கடற்கரைக்குப் பின்னாலேயே விமான நிலையம். மணலில் மல்லாந்து படுத்தபடி, எப்போதாவது வந்து இறங்கும் டக்கோட்டா விமானத்துக்காகக் காத்திருப்போம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும்.

"இது பாவம், மெதுவாப் போறது. சத்தத்தோட வேகத்துக்கே போற ஜெட்டெல்லாம் வந்தாச்சு, கேட்டியா" என்பார்.

அந்த வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்பதை எனக்கு அம்மாவை வைத்துத்தான் விளக்கினார். அம்மா குளித்துவிட்டு மடித் துணியோடு வரும்போது, யாரும் தொட்டுவிடாதபடி "தள்ளிக்கோ, தள்ளிக்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவாள். குரல் முன்னால் வந்துவிடுவதால் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். அம்மா தன் குரலுக்குச் சமமாக ஓடி வந்தால்? யாருக்கும் ஒதுங்க நேரம் இருக்காது, இடித்துக்கொண்டுதான் வரவேண்டும். காற்றும் அப்படித்தானாம். விமானம் வருகிற சேதி முன்னால் போனால் விலகி வழி விடும். சேதியோடு சேர்ந்து விமானமே வந்து நின்றால், விலகத் தெரியாமல் எதிரே குவிந்துகொள்ளும். இறக்கை உதறும், ஓட்டுகிறவன் பிடித்திருக்கும் தடி அசைக்க முடியாமல் இறுகிவிடும். அதற்காகத்தான் இறக்கைகளைப் பின்னால் சாய்த்துக் கட்டுகிறார்களாம்.

"அதையும் தாண்டிட்டா சத்தமெல்லாம் பின்னால விழுந்துடும். கீழ இருக்கறவாளுக்கு இடி மாதிரி கேக்கும். அதுக்குள்ள ஆள் எங்கேயோ போயாச்சு."

நான் கைகளைப் பின்னால் சாய்த்துக்கொண்டு ஈர மணலில் ஓடுவேன். கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்ட அந்த வேளையில், இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் என் காலடிச் சத்தம் பின்தங்கிவிடும் என்று மெய்யாகவே நம்பினேன். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா என்னைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மா சும்மா இருக்கவில்லை. கடிதம் வரக் கூடாது என்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு தேங்காய் உடைத்தாள். அங்கே தேங்காயைக் கல்லில் ஓங்கி எறிவதுதான் வழக்கம். அவளுடையது சுக்குநூறாகச் சிதறியது. மறுநாள், சமையலறையிலிருந்து கடத்திக்கொண்டு போன தேங்காயை, கடிதம் வர வேண்டும் என்று நானும் எறிந்தேன். அது உடையாமல் உருண்டு, அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பட்டாளத்துக்காரர் ஒருவர் காலடியில் போய் நின்றது. "ஒண்ணுகூட எறி, மோளே" என்று மலையாளத்தில் இன்னொரு தடவை எறியச் சொல்லி அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் தடவையும் கீறல்தான் விழுந்தது.

மாதம் இரண்டாயிற்று. கடிதம் வரவில்லை. ஒரு நாள் சங்குமுகத்தில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"என் தேங்காதான் சித்தப்பா, ஒடையவே இல்லை."

அவர் என் தலையைத் தடவி, "உன் மேல ஒரு குத்தமும் இல்லை. கடுதாசு வராதுன்னு மன்னிகிட்டே மட்டும் சொல்லிடாதே" என்றார். அம்மா இன்னும் கொஞ்ச நாள் கவலைப்படட்டும் என்கிறார் போலும் என்று நினைத்து, எனக்கு உள்ளூரக் குஷியாகக்கூட இருந்தது.

சித்தப்பா காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்ற பிறகு, ஒரு நாள் சித்திதான் பேச்சுவாக்கில் சொன்னாள். இடது காது சரியில்லை என்று பெங்களூரில் தேர்வன்றைக்கே டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டாராம். நாங்கள் பிள்ளையாரிடம் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வருவதற்குக் கடிதம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்த இரண்டு மாதமும் தபால்காரர் தலை தெருவில் தெரிந்தால் அம்மா முகம் வெளிறிவிடும். நாளைக்கே பறந்து போய்விடுகிறவருக்குப் போடுவதுபோலச் சித்தப்பாவுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். அவரும் தலை குனிந்து சாப்பிடுவார். ஒன்பது வயதில் எனக்கு என்ன தெரியும்? அம்மா பயந்துகொண்டிருந்த வரைக்கும்தான் சித்தப்பா விமானி.