கடைசியாகப் பார்த்தவர்

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது. அதனால் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டே கேளுங்கள்.

அவளை வீட்டில் சின்னவள் என்போம். என் கணவருடைய தம்பியின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அது போதாதென்று ஒரே ஆபீஸ். எங்கள் பெரிய ஆற்றில் எத்தனை வகை மீன் இருக்கிறது, அதில் எது ஆற்றின் சொந்த மீன், எது வெளியிலிருந்து வந்து குடியேறியது என்று வருடம் முழுக்கக் கணக்கெடுக்கிற ஆபீஸ்.

நான் அங்கே சேர்ந்து இருபத்தோரு வருடம். படிப்பு பத்தாவதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செதிலைத் தடவி மீன் பேரைச் சொல்வேன். சின்னவள் ஒரு தையல்காரரின் மகள். அப்பா வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகளில் மீன் மீனாக வரைந்து வளர்ந்து, மீனைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவள். சேர்ந்த ஆறே வருடத்தில், இனி இல்லை என்று நாங்கள் கைகழுவிய நான்கு சொந்த மீன்களைத் தேடிப் பிடித்துவிட்டாள். கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். ஆபீசர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டில் மாமியாரும் அப்படித்தான். நான் பெற்ற மகளே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "சித்தி எங்கே?" என்பாள். பெற்றவள் எதிரே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், கண்ணில் படமாட்டேன்!

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. ஆபீஸ் பதிவேட்டில் ஒவ்வொரு சொந்த மீனுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் 'கடைசியாகப் பார்த்தவர்' என்று ஒரு கட்டம். யார் இழுத்த வலையில் அந்த மீன் கடைசியாகக் கிடைத்ததோ, அவர் பெயரைப் பென்சிலில் எழுதுவார்கள். பிறகு வேறொருவருக்குக் கிடைத்தால் அழித்து மாற்றுவார்கள். புகைவால் என்று ஒரு மீன். விரல் நீளம்கூட வராது, வாலடியில் புகை படிந்த மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதன் பக்கத்தில் பதினான்கு வருடமாக என் பெயர்தான் இருந்தது. பதினைந்து வருடம் யாருக்கும் அகப்படாவிட்டால், ஆற்றில் இல்லை என்று எழுதிப் பக்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது பென்சில் பெயரை மையில் எழுதுவார்கள். அதற்குப் பிறகு யாராலும் அழிக்க முடியாது.

பதினைந்தாவது வருடம் வந்தது. மீன் போய்விடுமே என்று ஆபீஸே கவலைப்பட்டது. நானும் பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட, இதுவும் சின்னவள் வலையில் விழுந்து தொலைக்குமே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

வருடத்தின் கடைசிக் கணக்கெடுப்பு. காலை வெயிலில் கரையில் இரண்டு தொட்டிகள் வைத்திருந்தோம். நீலத் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர். சொந்த மீன்களை அதில் போட்டு, அளந்து, திரும்ப விடுவோம். வெள்ளைத் தொட்டியில் ஐஸ் தண்ணீர். அது வந்தேறி மீன்களுக்கு. அவற்றைத் திரும்ப ஆற்றில் விடக்கூடாது. அன்றைக்கு வந்ததெல்லாம் கொசுமீன். கொசுவைத் தின்னும் என்று யாரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்டது. கொசு குறையவில்லை, எங்கள் மீன்தான் குறைந்தது.

சின்னவளுக்கு ஐஸ் தொட்டி ஆகவே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொட்டுவாள்.

"அதுங்க என்னக்கா பண்ணும்? யாரோ கொண்டுவந்து விட்டாங்க. நாம ரெண்டு பேரும் அத்தை வீட்டுக்கு வந்த மாதிரிதானே" என்றாள்.

"நம்மள யாரும் ஐஸ்ல போடலியே" என்றேன். அவளைப் போட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

அவள் ஒரு வலையைக் கொட்டிவிட்டு, அடுத்ததை இழுக்கத் தண்ணீருக்குள் இறங்கினாள். ஐஸ் தொட்டியை எண்ணுவது என் வேலை. குனிந்தேன். சாம்பல் நிறக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வால். அதன் அடியில் புகைப் பட்டை. செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்திலேயே நீலத் தொட்டி. கையை விட்டு எடுத்துப் போட ஒரு நொடி போதும். ஆனால் வலை அவளுடையது. பென்சிலும் அழிரப்பரும் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் ஓரத்திலிருந்து கொசுமீன்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு என்று நிதானமாக முப்பத்திரண்டு வரை எண்ணினேன். ஒரு தப்பும் வரவில்லை.

முப்பத்திரண்டில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று.

"ஏய் சின்னவளே! ஓடி வா!" என்று கத்தினேன்.

வலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். புகைவாலை இரண்டு கையிலும் ஏந்தி நீலத் தொட்டியில் விட்டு, முன்னும் பின்னும் தண்ணீரை அலைத்து அலைத்துப் பார்த்தாள். அது சாய்ந்து மிதந்தது.

"ஐயோ அக்கா, பாக்காம கொட்டிட்டேனே! நான்தான் கொன்னுட்டேன்" என்று கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"சரி, விடு" என்றேன்.

மீதி நாட்களும் அந்த இடத்தைச் சல்லடை போட்டுச் சலித்தோம். இன்னொன்று கிடைக்கவில்லை. வருடம் முடிந்தது. செத்துக் கிடைத்தது கணக்கில் சேராது, பக்கத்தை மூடிவிடலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆபீசர் பேனாவைச் சின்னவளிடம் கொடுத்தார், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. அவள் அந்தக் கட்டத்தில் என் பெயரை மையில் எழுதினாள்.

"கடைசி வலை நீங்க இழுத்ததுதானே?" என்று அவளிடம் கேட்டார் ஆபீசர்.

"இழுத்தது நான்தான் சார். ஆனா நான் பாக்கவே இல்லியே. பாத்தது அக்காதான்."

மை காயும்வரை ஊதினாள். அழகாகத்தான் இருந்தது என் பெயர்.

அன்று சாப்பிடும்போது இந்தக் கதையை அவளே வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். என் மகள் சித்தியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். எத்தனை வருடம் ஆயிற்று அவள் அப்படி வந்து!

"நீயாம்மா கண்டுபிடிச்சே? நீ பாத்தப்போ அது உயிரோட இருந்துதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"இல்லடா கண்ணு. அதுக்குள்ள சித்தி கொன்னுட்டேன்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த வார்த்தையை அவளால் எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.