மானிட்டர் தலையில் ஒரு கத்திரிக்காய்

காம்பு கூட வாடாத ஒரு கத்திரிக்காய் என் மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருந்தது. வைத்தவர் என் தாய்மாமா. "பாப்பா, இதான் கலரு. இதுல ஒரு பொட்டு கூட ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் போலக் காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கட்டிக்கொடுக்கப் போவது தன் மகளைத்தான். காய் அந்தக் கல்யாணப் பேனருக்கு.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் இருக்கும். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். வகுப்புக்கெல்லாம் போனதில்லை. பக்கத்து சீட்டு அண்ணன் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகிய தொழில். அந்த சாஃப்ட்வேரில் ஒரு வட்டம் போட்டால் அதைக் கோலிகுண்டு அளவுக்கும் சுருக்கலாம், சினிமா கொட்டாய் அளவுக்கும் இழுக்கலாம், ஓரம் பிசிறடிக்காது. நிறத்துக்கு நீலம், ரோஸ், மஞ்சள், கருப்பு என்று கட்டங்கள் இருக்கும். அவற்றில் நம்பரை ஏற்றி இறக்கினால் எந்த நிறம் வேண்டுமானாலும் வந்துவிடும் என்று மாமாவிடம் பெருமையடித்திருந்தேன். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

மாமாவின் கவலை விளையாட்டில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஒரு கட்சி. மாமாவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, அதற்கு நேர் எதிர்க் கட்சி. நிச்சயதார்த்தத்தில் சீர்த்தட்டை மூடியிருந்த துணியின் நிறத்தைப் பார்த்து "நிச்சயமா, கட்சி மீட்டிங்கா?" என்று பெரிய மாமா கேட்க, சம்பந்தி அவருடைய வேட்டிக்கரையைக் காட்டிப் பதில் சொல்ல, தாம்பூலம் மாற்றாமலேயே இரண்டு பக்கமும் எழுந்துவிட்டார்கள். காலில் விழாத குறையாக உட்காரவைத்தோம். உள்ளே பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை மாமா பார்த்துவிட்டார். மண்டப வாசலில் இன்னொரு தடவை இப்படி ஆனால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அன்றிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே, எந்தக் கட்சிக்கும் பட்டா போடாத நிறம் ஒன்று வேண்டும். பேனரில் ஒவ்வொரு நிறமாக ஊற்றிக் காட்டினேன். "வேணாம் பாப்பா, சம்பந்தி திரும்பிப் போயிடுவாரு." "இது வேணவே வேணாம், அண்ணன் உள்ளயே வரமாட்டாரு." கருப்பு வெள்ளையில் போடலாமா என்றேன். "கண்ணீர் அஞ்சலி போஸ்டரா அடிக்கிற?" என்றார். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனவர், வெற்றி பெற்ற முகத்தோடு இந்தக் காயைக் கொண்டுவந்து வைத்தார். "இந்தக் கலர்ல எவனாவது கொடி வச்சிருக்கானா சொல்லு?"

அதன் பிறகு சிப்காட்டில் ஷிப்ட் முடிந்ததும் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். பேனரில் விட்டுப்போன ஒரு பெயரைச் சொல்வார். வடலூர் சித்தப்பா, மேல்பட்டாம்பாக்கத்து அத்தை என்று யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டிருப்பார். பெயரைச் சேர்த்ததும் காயை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடிப்பார். "நீலம் ஜாஸ்தியா இருக்கே, கொஞ்சம் எறக்கு." இறக்குவேன். அடுத்த நாள், "மஞ்ச ஒரு சொட்டு விடு." விடுவேன். "நேத்து சரின்னீங்களே மாமா?" என்றால், "நேத்து டபுள் ஷிப்ட் பாத்த கண்ணு. காய் பொய் சொல்லுமா?" என்பார்.

அந்தக் காலத்து மானிட்டர் அரிசி டின் மாதிரி இருக்கும், மேலே கை வைத்தால் சுடும். அந்தச் சூட்டில் காய் தினம் கொஞ்சமாக வதங்கிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்ததால் இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை. மாமா காயை நம்பினார், நான் மாமாவை நம்பினேன், கம்ப்யூட்டர் என்னை நம்பியது.

சிதம்பரத்தில் மண்டப வாசலில் பேனரை விரித்துக் கட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. வெயிலில் அது சுண்டிப்போன வத்தக்குழம்பு மாதிரி இருந்தது. மாமா தூணைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து சம்பந்தி காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய மாமாவும் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது என்னா கலருங்க?" என்றார் சம்பந்தி.

"நானும் அதாங்க பாத்துகினு இருக்கேன். மழையில ஊறுன சாக்கு மாதிரி இருக்கு" என்றார் பெரிய மாமா.

"இவரு ஒருத்தர வச்சிகினு எப்படிங்க இத்தன நாளு குடும்பம் நடத்துனீங்க?"

"அத ஏன் கேக்கறீங்க" என்று பெரிய மாமா தம்பியின் பிள்ளைப்பிராயத்திலிருந்து ஆரம்பித்தார். இருவரும் மாமாவைத் திட்டிக்கொண்டே சேர்ந்து உள்ளே போனார்கள், சேர்ந்தே பந்தியில் உட்கார்ந்தார்கள். இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் விழுந்ததும் சம்பந்தி குனிந்து பார்த்து, "பேனரு இலைக்கும் வந்துடுச்சு பாருங்க" என்றார். பெரிய மாமாவுக்குப் புரையேறிவிட்டது. சத்தம் கேட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்த மணப்பெண், "அண்ணி, சண்டையா?" என்று என் கையைப் பிடித்தாள். "இல்லடி, சிரிப்பு" என்றேன். பூ கசங்குவதைக் கூடப் பாராமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது என் மானிட்டர் தட்டை. தலையில் ஒரு கொட்டைப்பாக்கு கூட நிற்காது. போன வாரம் பேத்தி காதுகுத்துக்குப் பேனர் போட மாமா வந்திருந்தார். பையிலிருந்து பளபளவென்று ஒரு கத்திரிக்காயை எடுத்து, வைக்க இடம் தேடிவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"அதே கலருதான் வேணும்னு அண்ணனும் சம்பந்தியும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க பாப்பா. சாயங்காலம் குடுத்துடுவியா?"

நான் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முடியாது மாமா. இது வதங்க ஒரு வாரம் ஆவும்."